அரைநாளிற் பார்க்கும் சென்னை

நகரங்களைப் பார்க்கச் செல்வோருக்கென இன்று ஒரு கால அளவு ஏற்பட்டிருக்கிறது. அதனை அரைநாள் என்பர். இந்தியாவின் பெருநகர் எதனை எடுத்துக்கொண்டாலும், தனிக் கார் ஒன்று, சாரதி ஒருவர், வழிகாட்டி ஒருவர், நான்கு மணி நேரம், ஐந்து அல்லது ஆறு இடங்கள் என்ற கணக்கில் அந்நகரின் பல நூற்றாண்டு வரலாறு விலைக்குக் கிடைக்கிறது. டில்லிக்கும் மும்பாய்க்கும் இடங்களின் பெயர்கள் வேறுபடலாம், கணக்கு வேறுபடுவதில்லை. சென்னையில் அது பெரும்பாலும் பின்வருமாறு அமையும்: புனித யோர்ச் கோட்டை, அதனுள்ளே இருக்கும் புனித மரியாள் தேவாலயம், கோட்டை நூதனசாலை, அதன்பின் எழும்பூரிலுள்ள அரசாங்க நூதனசாலை, மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில், சாந்தோம் தேவாலயம், ஈற்றில் மெரீனாக் கடற்கரை வழியாக ஒரு சவாரி. மதிய உணவுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

அண்மையில் சென்னைக்குச் சென்றிருந்த வேளையில் நாமும் இத்தகைய உலா ஒன்றினை மேற்கொண்டோம். அதனைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுவது நமது நோக்கமன்று. அவை நிரம்ப உள்ளன. ஒரு நகரின் வரலாற்றிலிருந்து காட்டத்தக்கவை எவை, விடத்தக்கவை எவை என்ற தெரிவு யாருடைய கண்கொண்டு செய்யப்பட்டது என்பதே நமது சிந்தனையைத் தூண்டியது. வரலாறு கற்பிக்கும் பாடநூல்களைப் பற்றி நாம் அடிக்கடி வாதிடுகிறோம். பாடநூலைத் திறவாதவர்களுக்கும் வரலாறு கற்பிக்கப்படுகிறது என்பதையும், அவர்களுக்கு அதனைக் கற்பிப்பவை இத்தகைய உலாக்களே என்பதையும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அரைநாட் கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுயெசிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற தபாற் கப்பல்கள் நமது காலித் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, பின்னர் சென்னைக்கு அப்பால் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. அக்காலத்திற் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. ஆணி அடிக்காமற் கயிற்றினால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்து கரை சேர்ந்த வெள்ளைக்காரப் பயணி, கப்பல் மீண்டும் புறப்படுமுன் தனக்குக் கிடைத்த குறுகிய நேரத்திற் கோட்டையையும் தேவாலயத்தையும் சிலைகளையும் பார்த்துத் திரும்பினான். 1859இல், அஃதாவது பெருங்கிளர்ச்சி ஓய்ந்த கையோடு, இலண்டனிலிருந்த யோன் மறே பதிப்பகத்தார் இந்தியப் பயணிகளுக்கான தமது கைந்நூலை வெளியிட்டனர். ஈஸ்ட்விக் என்பார் எழுதிய அந்நூலின் முதற் பகுதி சென்னை மாகாணத்தைப் பற்றியதே. ஆளவந்தவன் தன் இனத்தவனுக்குத் தன் வெற்றிகளைக் காட்டுவதற்காகச் செய்துகொண்ட தெரிவு அது. அதன் பெரும்பகுதி இன்றைய வழிகாட்டியின் வாய்ப்பாடமாக நீடிக்கிறது என்று கருத இடமுண்டு. மசூலாப் படகின் இடத்தைக் குளிரூட்டிய கார் பிடித்துக்கொண்டது; பார்க்கப்படும் பொருள்கள் அதிகம் மாறவில்லை.

உலா தொடங்கும் கோட்டையிலிருந்தே நாமும் தொடங்குவோம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பனியின் பிரான்சிஸ் டே என்பவர் தாமர்லா வெங்கடப்ப நாயக்கரிடம் உரிமை பெற்று இம்மணற்றிடலைத் தெரிந்தெடுத்தார். அடுத்த ஆண்டிலே கோட்டை வேலை தொடங்கிற்று. இயற்கைத் துறைமுகம் இல்லாத, அலைகள் ஓயாது மோதும், கப்பல் அணுகவியலாத இக்கரையை வணிகன் ஒருவன் ஏன் தெரிந்தெடுத்தான்? வழிகாட்டி இவ்வினாவை எழுப்புவதில்லை. விடை எளிது. இப்பகுதியில் நெய்யப்பட்ட துணி ஏனைய இடங்களிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மலிவாகக் கிடைத்தது என்பதே டேயின் கணிப்பு. புனித யோர்ச் கோட்டை துணிக்காகக் கட்டப்பட்ட கோட்டை. அதன் கல்லொவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் தறிமேடையிற் பெறப்பட்ட இலாபம். ஆயின் அரைநாள் முழுவதும் நெசவாளன் என்ற சொல்லை நாம் ஒருமுறையேனும் கேட்கவில்லை.

மாறாக, தேவாலயத்தில் இரு திருமணங்களைப் பற்றி விரிவாகக் கேட்டோம். 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட இப்புனித மரியாள் தேவாலயம், ஆசியாவிலுள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களுள் மிகப் பழையதென்பர். அதே ஆண்டில் இங்கே முதன்முதலாக மணம் புரிந்துகொண்டவர் எலிகு யேல். 1753இல் மணம் புரிந்துகொண்டவர் றொபேட் கிளைவ். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவரே என்று வழிகாட்டி பெருமிதத்தோடு கூறுகிறார். அப்பெருமிதம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது; நம்மவர்க்குக் கல்வி என்ற சொல்லின்மீதுள்ள மயக்கம் அத்தகையது.

யேல் 1687 முதல் 1692 வரை கோட்டையின் தேசாதிபதியாக இருந்தவர். அவ்வாண்டுகளை அண்டிக் கரையோரத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. பசி தாளாது தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களைக் கம்பனியார் வாங்கிக் கப்பலேற்றினர். 1687இல் ஒரே மாதத்திலே அறுநூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் இக்கோட்டையிலிருந்து ஏற்றுமதி செய்யப்பட்டதாக ஆய்வாளர் கூறுவர். அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினாத் தீவு அவ்வாறு ஏற்றப்பட்ட பலர் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று. யேலின் செல்வம் இங்கே திரண்டது. 1718இல் அமெரிக்காவின் நியூ ஹேவனிலிருந்த சிறு கல்லூரியொன்றுக்கு அவர் அனுப்பிய கொடையில் 417 நூல்களும், முதலாம் யோர்ச் மன்னரின் படமொன்றும், துணி முதலான சரக்குகள் நிறைந்த ஒன்பது பொதிகளும் இருந்தன. பொதிகளை விற்று வந்த பணத்தைக் கட்டடத்திற் செலவிட்டனர். கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024 பெப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கோரியது. சென்னைக் கோட்டையில் வழிகாட்டியின் கதை மட்டும் திருமணத்தோடு முடிந்துவிடுகிறது.

கோட்டை நூதனசாலையிலும் இவ்வாறே. இது 1948இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வாளும் துப்பாக்கியும் நாணயமும் பீங்கானும் கொண்ட அறைகளை நாம் விரைந்து கடந்து செல்லலாம். நின்று பார்க்கவேண்டிய பொருளொன்று உண்டு. தோமஸ் பாங்ஸ் என்னும் சிற்பி செதுக்கிய கோர்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை அது. வழிகாட்டி சிலையின் முகத்தைக் காட்டுகிறார். வாசகர் அதன் பீடத்தைப் பார்க்கவேண்டும். 1792இல் மைசூர்ப் போரின் முடிவில், உடன்படிக்கைக்குப் பிணையாகத் திப்பு சுல்தானின் இரு புதல்வர்கள், சின்னஞ் சிறுவர்கள், கோர்ன்வாலிசிடம் ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. தகப்பனிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்துப் பணயம் வைத்ததைப் பெருந்தன்மையின் சின்னமாகக் கல்லிற் பொறிக்கும் துணிவு ஏகாதிபத்தியத்துக்கு இருந்தது. அதனை மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை என்பதுதான் இங்கு வியப்புக்குரியது.

கோட்டையை விட்டுக் கார் வடக்கே சிறிது தூரம் செல்கிறது. உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களைக் காட்டிவிட்டு உடனே திரும்புகிறது. திரும்பும் அந்த இடத்தில்தான் உண்மையில் நகரம் தொடங்குகிறது.

கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டினம். அதன் வடக்குச் சுவருக்கு வெளியே நெசவாளரும் சாயமிடுவோரும் வணிகரும் துபாசிகளும் படகோட்டிகளும் குடியிருந்த பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் பட்டினம் என்று அழைத்தனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, கோட்டைக்கு அண்மையிலிருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்தனர். 1749இல் நகரத்தை மீளப் பெற்ற ஆங்கிலேயர், பகைவன் மறைந்துநின்று சுடுவதற்கு இடமிருத்தலாகாது என்று எஞ்சியதையும் படிப்படியாக அகற்றினர். பட்டினத்து மக்கள் போற்றிய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிபட்டது. அதற்கு ஈடாக வேறிடத்தில் நிலம் வழங்கப்பட, இன்றைய பூக்கடைப் பகுதியிற் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. கோட்டையின் பீரங்கிக்கு எதிரே எவரும் கட்டடம் எழுப்பக்கூடாத வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் ஆறு தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. உயரத்தில் அது மிகச் சிறியது. கார்க் கண்ணாடிக்கூடாக எளிதிற் புலப்படாது. வீடிழந்தோருக்கு நாட்டப்பட்ட நினைவுச் சின்னம் அந்நகரில் அது ஒன்றே என்று நாம் சொல்வோம். நாட்டியவர்களின் எண்ணம் அதுவாக இருக்கவில்லை. 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட மண்ணின்மீதுதான்.

மக்களை அகற்றும் வழக்கம் பீரங்கிக் காலத்தோடு நின்றுவிட்டதாக எண்ணவேண்டியதில்லை. கூவம் ஆற்றங்கரையிலும் ஏனைய நீர்நிலைகளின் ஓரத்திலும் குடிசை கட்டி வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும், நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள மாடிக் குடியிருப்புகளுக்குக் கூட்டங்கூட்டமாக மாற்றப்பட்டனர். வேலை நகரின் நடுவிலே, வீடு வெளியிலே. வெள்ளம், ஆற்றைச் செப்பனிடல், அழகுபடுத்தல் என்று காரணங்கள் மட்டும் வேறு.

ஆயினும் கறுப்பர் பட்டினத்தை ஒரே குடும்பம் போல் ஒற்றுமையாய் வாழ்ந்த மக்களின் ஊராகக் காட்டுவது வரலாறாகாது. 1652இலும் 1707இலும் வலங்கையார் என்றும் இடங்கையார் என்றும் பிரிந்துநின்ற சாதிக் குழுவினர் எந்த வீதியில் எவருடைய ஊர்வலம் போவது என்பதற்காக மோதிக்கொண்டனர். 1707ஆம் ஆண்டுக் கலகத்தின் முடிவில் பெத்தநாயக்கன் பேட்டை வலங்கையாருக்கும் முத்தியால் பேட்டை இடங்கையாருக்கும் உரியன என்று பிரிக்கப்பட்டன. கம்பனி நடுவர் வேடம் பூண்டது. எவர் வென்றாலும் துணி கோட்டைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. வீதியைச் சாதிக்குப் பங்கிட்ட இக்கதை, நமது கிராமங்களில் வீதிக்கும் கிணற்றுக்கும் கோயில் வாசலுக்கும் நடந்த போராட்டங்களை அறிந்த ஈழத்து வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது.

கிணறு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. கோட்டைக்குள் இருந்தோருக்கு நல்ல தண்ணீர் கறுப்பர் பட்டினத்திலிருந்தே போயிற்று. 1772இல் வகுக்கப்பட்ட அந்நீர் வழங்கல் ஏற்பாட்டின் பெயரால் அப்பகுதி இன்றும் ஏழு கிணறு என்றே வழங்குகிறது. அங்குள்ள வீடொன்றில் இராமலிங்க அடிகள் தமது இளமைக் காலத்தைக் கழித்தார். அவ்விடத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், தங்கசாலை வீதியில், 1860இல் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் தமது வித்தியாநுபாலன அச்சியந்திரசாலையை அமைத்தார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் நம்மவரே. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஓலைச் சுவடியிலிருந்து தமிழிலக்கியம் அச்சேறிய கதையின் பெரும்பகுதி இக்குறுகிய வீதிகளிலேதான் நிகழ்ந்தது. அச்சுக் கோத்தவன், மை தடவியவன், தாள் சுமந்தவன் ஆகியோரின் பெயர்களை எந்தப் பதிப்புரையும் கூறவில்லை என்பது வேறு விடயம். தமிழ் படித்த நமக்கு, சென்னையில் ஓரிடத்தை மட்டும் பார்க்கலாம் என்று சொன்னால், நாம் தங்கசாலை வீதிக்கே போவோம். ஆனால் அவ்வீதிக்குள் கார் நுழைவது கடினம். எனவே அரைநாளில் அதற்கு இடமில்லை.

உயர் நீதிமன்றச் சுவரின் முன்னே வழிகாட்டி ஒரு கதை சொல்லத் தவறுவதில்லை. 1914 செப்ரெம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு பொழிந்த கதை அது. எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. நகரம் கிலி கொண்டது. எம்டன் என்ற பெயர் தமிழில் ஒரு வசையாகவே நிலைத்துவிட்டது. சுவையான கதைதான். அதே நீதிமன்றத்தில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்த வழக்கொன்றைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. அதனைப் பெரம்பூரைப் பற்றிப் பேசுமிடத்தில் நாம் கூறுவோம்.

எழும்பூருக்குப் போகும் வழியிலே குதிரைமீதமர்ந்த தோமஸ் மன்றோவின் சிலை வருகிறது. சிற்பி சான்ட்ரி அங்கவடியைச் செதுக்க மறந்துபோனார் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கின்றனர். மன்றோ பரப்பிய றயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவனும் இடைத்தரகரின்றி நேரே அரசாங்கத்தின் வரிவசூலுக்கு முகங்கொடுத்தான். மழை பொய்த்த ஆண்டிலும் வரி பொய்க்கவில்லை. ஓர் அங்கவடியின் குறை பேசப்படுமளவுக்கு இது பேசப்படுவதில்லை.

1851இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் நூதனசாலையில் அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராசர் முதலான செப்புத் திருமேனிகளும் உள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கு அரைநாளன்று, ஒரு கிழமையும் போதாது. நமக்கு அளிக்கப்பட்டது நாற்பது நிமிடம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் நாம் வேறு இரண்டை மட்டும் குறிப்பிடுகிறோம். இந்நூதனசாலையின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கார் தேர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலைகளையும் மூக்குகளையும் கருவி கொண்டு அளந்து சாதிவாரியாக வகைப்படுத்தினார். அதன் விளைவாக 1909இல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. ஆளப்படுவோனைப் பொருட்காட்சியின் பொருளாகவே ஆக்கிய விஞ்ஞானம் அது. இரண்டாவது, நீல் என்னும் படைத்தலைவனின் சிலை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் இவன் புரிந்த கொடுமைகள் பேர்போனவை. மவுண்ட் வீதியில் நின்ற இச்சிலையை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளோடு சிறை சென்றார். 1937இல் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவையே சிலையை வீதியிலிருந்து அகற்றி இந்நூதனசாலைக்கு அனுப்பியது. ஆட்சியாளன் வீதியில் நிறுத்தியதை மக்கள் நூதனசாலைக்கு அனுப்பி வைத்த கதை, வேறெந்தப் பொருளின் கதையிலும் பார்க்க அவ்விடத்துக்குப் பொருத்தமானது. அது சொல்லப்படவில்லை.

மயிலாப்பூரை விரைந்து கடப்போம். இன்றைய கோயிலுக்கு முற்பட்ட பழைய கபாலீசுவரம் கடலோரத்தில் இருந்ததென்பதும், போர்த்துக்கேயர் சாந்தோமில் நிலைகொண்டபின் அது அழிந்ததென்பதும் பொதுவாகக் கூறப்படுவன. கோட்டையின் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டதுபோன்று இங்கும் கட்டடத்தின் வயதைக் கேட்டறிந்தோம். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில்களின் வாயிலைக் கடக்கச் சட்டபூர்வமான உரிமை பொதுவில் இருக்கவில்லை. கோபுரத்தின் உயரத்தை அளந்து கூறுவோர் அதன் வாயிலின் அகலத்தையும் கூறினால் நன்று.

இனி மெரீனா. அரைநாளின் முடிவில், வெயில் ஏறிய வேளையில், காரை நிறுத்திச் சிறிது காற்று வாங்கச் சொல்கின்றனர். கிராண்ட் டவ் என்ற தேசாதிபதி 1884இல் இக்கடற்கரைச் சாலையை அமைத்து மெரீனா என்று பெயரிட்டதைச் சொல்கின்றனர். 1842இல் அமெரிக்காவின் பொஸ்ரனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுசையும் காட்டுகின்றனர். 1897இல் கொழும்பிலே கரையிறங்கி யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை சென்ற விவேகானந்தர் தங்கிய வீடும் அதுவே.

இவ்வளவு அகன்ற மணல்வெளி எங்கிருந்து வந்தது? கோட்டை கட்டப்பட்ட காலத்தில் கடல் அதன் கீழ்ச்சுவரை அண்டியே இருந்தது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தபோதும் வேலை மீண்டும் தொடர்ந்தது. இக்கரையோரமாக ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்வது இயற்கை. துறைமுகத்தின் கற்சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் பின்வாங்கியது, மெரீனா அகன்றது. வடக்கே, மணல் வரவு நின்றுபோன இராயபுரம் பக்கத்தில், கடல் கரையை அரித்தது; மீனவர் குப்பங்கள் தமது நிலத்தை அலைக்குக் கொடுத்தன. ஒரே சுவரினால் தென்புறத்தார் உலாவும் வெளியைப் பெற்றனர். வடபுறத்தார் வாழும் இடத்தை இழந்தனர். இது எவருடைய சதியுமன்று. ஆயின் உலாக் கார்கள் எல்லாம் தெற்கே போகின்றன. வடக்கே ஒன்றும் போவதில்லை.

மெரீனாவுக்குச் சற்று உள்ளே, கறுத்த நீர் தேங்கி, மேலே பறக்கும் ரயில் என்று மக்கள் வழங்கும் உயர்ந்த பாலத்துப் புகையிரதம் ஓட, பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. நாற்றம் காரணமாகக் காரின் கண்ணாடி ஏற்றப்படும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இத்துண்டு, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர், 1877-78இற் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் இறந்தோரை இலட்சக்கணக்கிலேயே எண்ணவேண்டும். கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட றிச்சட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஓர் இறாத்தல் என்பது 450 கிராம். நாள் முழுதும் மண் வெட்டுவோனுக்கு. சென்னையின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1877இன் நடுப்பகுதியிலேதான் அவ்வளவு உயர்த்தப்பட்டது. கால்வாய்க்குச் சூட்டப்பட்டது அப்போது தேசாதிபதியாயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர்.

அப்பஞ்சம் துரத்திய பலர் மன்னார் வழியாக நடந்து நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வேறு பலர் கடல் கடந்தனர். அவர்களுக்கு முன்னரே, 1860 ஒக்ரோபரில், ட்றூறோ என்னும் கப்பல் முந்நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இக்கரையிலிருந்து தென்னாபிரிக்காவின் டேர்பனுக்குப் புறப்பட்டிருந்தது. அவர்கள் கடைசியாகப் பார்த்த தாய்மண் இக்கடற்கரையே. கண்டியிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் கதையில் ஒரு பக்கம் இக்கால்வாய்க் கரையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

மெரீனாவில் நிற்கும் சிலைகளுள் உழைப்பாளர் சிலை மட்டுமே பெயரில்லாத மனிதரைப் பற்றியது. தேவி பிரசாத் றாய் சௌத்திரி வடித்த அது 1959 சனவரி 25ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நால்வர் ஒரு பெரும் பாறையைப் புரட்டுகின்றனர். சதையின் முறுக்கமும் முதுகின் வளைவும் பார்ப்போரை நிற்க வைக்கும். பலர் அதன் முன்னே படம் எடுத்துக்கொள்கின்றனர். இக்கடற்கரையில்தான், திருவல்லிக்கேணிக் கரையில் ஒன்றும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கரையில் ஒன்றுமாக, 1923 மே முதலாம் நாள் ம. சிங்காரவேலர் இரு கூட்டங்களை நடத்தி இந்தியாவின் முதலாவது மேதினத்தைக் கொண்டாடினார். மீனவர் குலத்தில் தோன்றிய வழக்கறிஞர் அவர். கறுப்பர் பட்டினம் வெறுமையாக்கப்பட்ட அதே வெளிக்கு எதிரே தொழிலாளர் திரண்டு நின்றனர்.

இவ்விடத்தில் நாம் வழிகாட்டியிடம் பெரம்பூருக்குப் போகலாமா என்று கேட்டோம். முப்பது வயதைத் தாண்டாத அவ்விளைஞர் சிறிது தயங்கி, "அது நம்ம லிஸ்டுல இல்ல சார். யாரும் கேக்கறதும் இல்ல" என்றார். பின்னர், தமது பாட்டனார் பின்னி ஆலையில் வேலை செய்தவர் என்றும் சொன்னார். சொன்ன குரலில் முன்னைய வாய்ப்பாடத்தின் சாயல் இல்லை. கோட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவரிடம், தம் பாட்டனாரைப் பற்றி எவரும் இதுவரை கேட்டிருக்கவில்லை. மேலதிக நேரத்துக்குரிய கட்டணத்தைப் பேசிக்கொண்டு அங்கே போனோம்.

பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பின்னிக் கம்பனியின் உடைமை. ஒன்று 1876இலும் மற்றது 1881இலும், அஃதாவது பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளிலே எழுந்தன. கையாற் துணி நெய்தோரைத் தேடி வந்த வணிகம், அவர்களின் பேரப்பிள்ளைகளை இயந்திரத்தின் முன் நிறுத்தியது. 1918 ஏப்ரில் 27ஆம் நாள் இவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதலாவது தொழிற்சங்கம் என்று அதனைக் கருதுவர். செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு ஆகியோர் முயற்சி தொடங்க, பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. க. துணைநின்றார். ஆங்கில வாசகம் அறியாத தொழிலாளிக்குத் தமிழ் மேடையில் அவனது உரிமையை எடுத்துரைத்த பெருமை திரு. வி. க. வுக்கு உண்டு. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைக் கற்பிக்கும்போது நாம் அவரது நடையழகைப் பற்றிப் பேசுகிறோம். அந்நடை எந்த மக்களுக்கு முன்னே பழகிற்று என்பதையும் மாணவருக்குச் சொல்லுதல் வேண்டும்.

உயர் நீதிமன்றத்து வழக்கு இதுதான். வேலைக்குத் திரும்பாதிருக்கத் தொழிலாளரைத் தூண்டினர் என்று வாடியா முதலியோர்மீது கம்பனி வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் அமைப்பதே குற்றமாகக் கருதப்படக்கூடிய நிலை அன்றிருந்தது. அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் விளைவுகளுள் ஒன்றே 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம்.

எல்லாம் வெற்றிக் கதையன்று. 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் கலந்துகொள்ளாது ஆலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்தம் செய்தோரான சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமாக, ஆதிதிராவிடர் மறுபுறமாகப் புளியந்தோப்பிற் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, பொலீசார் சுட்டனர், உயிர்கள் போயின. ஆதிதிராவிடரைக் கருங்காலிகள் என்று பழித்துவிட்டுப் போவது எளிது. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தம்மைத் தள்ளிவைத்தவன் ஆலை வாயிலில் மட்டும் தோழன் என்று அழைத்தபோது, அவன் சொல்லை நம்பும்படி அவர்களுக்கு எவரும் எதனையும் செய்து காட்டியிருக்கவில்லை. 1707இற் கம்பனி வீதியைப் பங்கிட்டுக் கண்ட பயனைப் பின்னியின் நிருவாகமும் கண்டுகொண்டது.

ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அதன் பின்னர் அவ்வெளி நெடுங்காலம் திரைப்படக் காட்சிகள் எடுக்க வாடகைக்கு விடப்பட்டது. புளியந்தோப்பு இன்றும் தொழிலாளரும் துப்புரவுப் பணியாளரும் நெருங்கி வாழும் பகுதியே. கோட்டையிலிருந்து காரிற் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது.